மிதவை போட்டும் குழந்தை சரியா மிதக்கலையா? என்ன நடக்குதுன்னு பாத்து சரி பண்ற வழி

ரெண்டு மூணு கோடை லீவா எங்க அபார்ட்மென்ட் குளத்துல சின்னப் பசங்களுக்கு நீச்சல் பழக்கி விடறேன். நான் கோச் எல்லாம் இல்லைங்க, கோபி பக்கம் எங்க அப்புச்சி தோட்டத்துக் கிணத்துல முதுகுல சுரைப்புருடையும் (காஞ்ச சுரைக்காய் கூடு) பின்னாடி எண்ணெ கேனும் கட்டி பழகுனவ, அப்பறம் என் ரெண்டு பிள்ளைங்களையும் கோயமுத்தூர்ல நானே பழக்குனேன், அந்த அனுபவம்தான். "கைப்பட்டை போட்டும் தண்ணி குடிக்கறான்", "டியூப்போட கவுந்துட்டா", "மிதவையை கழட்டுனா ஒரே அழுகை" இப்படி ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்தேன். உங்க குழந்தைக்கு என்ன ஆகுதோ அந்த இடத்துக்கு நேரா போயிருங்க, ஆனா அடுத்து வர்ற ரெண்டு விஷயத்தை மட்டும் படிச்சுட்டு போங்க, பாதி பிரச்சனைக்கு பதில் அதுலயே இருக்கு.

முதல் விஷயம், மிதவை எப்படி தூக்குதுன்னு புரிஞ்சுக்கணும். தண்ணிக்குள்ள ஒரு லிட்டர் இடத்தை காத்து அடைச்சுதுன்னா கிட்டத்தட்ட ஒரு கிலோ மேல தள்ளும், அப்ப காலி 5 லிட்டர் எண்ணெ கேனை முழுசா அமுக்குனா அஞ்சு கிலோ பக்கம் தள்ளும், நூடுல் ஃபோம்னு குச்சி மாதிரி நீளமா விக்கறாங்களே, அது ஒன்றரை மீட்டர் நீளம்னா அது கூட நாலு கிலோ பக்கம் தாங்கும். குழந்தை உடம்புல நெஞ்சுக்கூட்டுக்குள்ள காத்து இருக்கறதால அது தானா மிதக்கும், கால் அந்த அளவுக்கு மிதக்காது, தலை தண்ணிக்கு வெளிய வந்துருச்சுன்னா அந்தத் தலையை தண்ணி தாங்காது, அதோட மொத்த பாரமும் உடம்பு மேல ஏறும். ஏத்த மரம் பாத்திருப்பீங்களே, ஒரு பக்கம் ஏறுனா மறுபக்கம் எறங்கும், அதேதான், தலை மேல போனா கால் கீழ போகும். அதனால எந்தப் பிரச்சனை வந்தாலும் மிதவை உடம்புல எங்க இருக்கு, தலை எங்க இருக்கு, இந்த ரெண்டை மட்டும் மொதல்ல பாருங்க.

ரெண்டாவது, கைப்பட்டையோ டியூபோ எதுவும் உயிர் காக்கற சாமான் இல்லைங்க. அது உடம்பு தண்ணியில எப்படி படுக்கணும்னு பழக்கறதுக்கு, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் தண்ணியில மூழ்கி போறவங்க கணக்கு எடுக்கறப்ப 1லிருந்து 4 வயசு குழந்தைங்கதான் அதிகம்னு சொல்லுது, அந்த வயசுலதான் நாம பட்டையை மாட்டிட்டு தைரியமா போன் பாக்க உக்காந்துடறோம். பெரியவங்க ஒருத்தர் தண்ணிக்குள்ளயே, கை நீட்டுனா குழந்தையை தொடற தூரத்துல இருக்கணும், கீழ நான் சொல்ற ஒவ்வொன்னும் அப்படி ஒருத்தர் இருக்கறாங்கன்னு வெச்சுதான்.

கைப்பட்டை கழண்டு கழண்டு வருது

முக்கால்வாசி சமயம் சைஸ் தப்பா இருக்கும். வயசைப் பாத்து வாங்காதீங்க, கிலோவைப் பாருங்க, நல்ல பட்டையில 11லிருந்து 30 கிலோ, 30லிருந்து 60 கிலோன்னு அச்சடிச்சே இருக்கும், ஐரோப்பிய தரநிலை எண் ஈஎன் 13138ன்னு போட்டிருக்கான்னும் ஒரு பார்வை பாத்துக்கங்க. வெறும் படம் மட்டும் போட்டு எடையே போடாம விக்கறது வெளையாட்டு சாமான், நீச்சலுக்கு வேண்டாம்.

சைஸ் சரியா இருந்தும் கழண்டா மாட்டற விதம் தப்பு. முழுசா ஊதிட்டு கையை நுழைக்கறதால அது முழங்கை கிட்டயே நின்னுடும். கொஞ்சமா ஊதி, கையை நனைச்சு, முழங்கைக்கு மேல தோள் வரைக்கும் ஏத்தி, தட்டையான பக்கம் உடம்பு பக்கம் வர்ற மாதிரி வெச்சு, அப்பறம் அங்கயே மீதியை ஊதுங்க. அப்பறம் ஒரு விஷயம், தலைக்கு உடம்புக்குன்னு தேங்கா எண்ணெ தடவி விட்டு கூட்டிட்டு வர்றாங்க, எண்ணெக் கையில எந்தப் பட்டையும் நிக்காது, சன்ஸ்க்ரீனும் அப்படித்தான், அது தோல்ல நல்லா ஊறுற வரைக்கும் பொறுங்க.

மாட்டுனதும் ரெண்டு கையையும் மேல தூக்கச் சொல்லி பட்டையை கீழ இருந்து மேல இழுத்துப் பாருங்க. குழந்தை கரையிலிருந்து குதிக்கறப்ப கை தானா மேல போகும், பட்டை உருவிட்டு வர்றது அந்த நொடியிலதான். இழுத்தா வருதுன்னா அன்னைக்கு அந்தப் பட்டை வேண்டாம்.

ஊதுன காத்து எறங்கிடுது

வெயில்ல கரையில வெச்சு ஊதுனீங்கன்னா உள்ள இருக்கற காத்து சூடு, குளிர்ந்த தண்ணிக்குள்ள போனதும் அது சுருங்கி தொளதொளன்னு ஆகும், அது ஓட்டை இல்ல, தண்ணியில ரெண்டு நிமிஷம் நனைச்சுட்டு திரும்ப ஊதுனா போதும். வால்வு மூடியை அமுக்கி உள்ள தள்ளாம விட்டாலும் மெல்ல மெல்ல போகும், மணல் துகள் சிக்கியிருந்தாலும் போகும். நெஜமாவே ஓட்டையான்னு தெரியணும்னா ராத்திரி ஊதி வெச்சுட்டு காலைல பாருங்க, எறங்கியிருந்தா வாளித் தண்ணியில முக்குனா குமிழ் வர்ற இடம் தெரியும். பெரிய டியூப்னா ஒட்டு போடலாம், கைப்பட்டைக்கு ஒட்டு போடாதீங்க, தூக்கி போட்டுருங்க. ரெண்டு அறை இருக்கற பட்டைதான் வாங்கணும், ஒன்னு போனாலும் இன்னொன்னு நிக்கும்.

பட்டை நல்லா இருக்கு, குழந்தை நெட்டுக்குத்தா நின்னு சைக்கிள் மிதிக்குது

எல்லாரும் கேக்கறது இதுதான், ஏன்னா ஆறு மாசம் கிளாஸுக்கு போயும் "இன்னும் நீந்தல"ன்னு சொல்ற குழந்தைங்கள்ல நிறைய பேருக்கு இதுதான் பிரச்சனை. மிதவை ரெண்டு தோள்லயும் இருக்கு, அது தோளைத் தூக்குது, தலை வெளிய நிக்குது, அப்ப ஏத்த மரக் கணக்குப்படி கால் கீழ தொங்கும், வேற வழியே இல்ல. குழந்தை என்ன பண்ணும், கீழ மிதிச்சா உயரமா வர்றோம்னு கத்துக்கும், அந்த மிதியே பழக்கமாயிரும். நிக்கறது நீச்சல் இல்ல, படுக்கறதுதான் நீச்சல், ஆனா பட்டை நிக்கறதைத்தான் சொல்லிக் குடுத்துட்டு இருக்கு. அதோட கையும் பக்கவாட்டுல விரிஞ்சு நிக்கறதால தண்ணியை வலிக்கவும் முடியாது.

என்ன பண்ணலாம்னா மிதவையை தோள்ல இருந்து நடு உடம்புக்கு மாத்துங்க. நூடுல் ஃபோமை நெஞ்சுக்கு குறுக்கால அக்குளுக்கு கீழ குடுத்து ரெண்டு நுனியும் பின்பக்கம் போற மாதிரி வெச்சா கை முன்னாடி விடுதலையாயிரும், உடம்பு முன்னாடி சாயும். அப்படியும் கால் எறங்குனா உங்க உள்ளங்கையை தொடைக்கு கீழ லேசா குடுங்க, தூக்க வேண்டாம், கால் எங்க இருக்கணும்னு அதுக்கு தெரிஞ்சா போதும். தாடை தண்ணியைத் தொடணும், கண்ணு உங்க மூஞ்சியைப் பாக்காம தண்ணிக்கு அடியில டைல்ஸைப் பாக்கணும். நீங்க நின்னுட்டு மேல இருந்து "வா கண்ணு வா"ன்னு கூப்பிட்டா அது உங்களைப் பாக்க தலையைத் தூக்கும், கால் எறங்கும். அதனால நீங்களும் கழுத்து வரைக்கும் தண்ணிக்குள்ள உக்காந்து கூப்பிடுங்க. இது ஒன்னை மாத்துனதுல எங்க மாடி வீட்டுப் பையன் ஒரே வாரத்துல படுக்க ஆரம்பிச்சான்.

மிதவையே இல்லாம பண்ற ஒரு வெளையாட்டும் இருக்கு, முதலை நடை. குழந்தை முட்டி அளவு தண்ணியில கையை தரையில ஊணி நடக்கணும், கால் பின்னாடி தானா மிதக்கும். பாப்பா குளம்னு ஒன்னு இருக்கற இடத்துல ரெண்டு நாள் இதை மட்டும் பண்ண வெச்சா போதும், கால் மிதக்கும்ங்கறது அதோட உடம்புக்கே தெரிஞ்சுரும்.

ரிங் டியூப்ல போட்டா தலைகீழா கவுந்துடுது

உடனே வெளிய எடுங்க, அதை சரி பண்ண வழி கெடையாது. வளையம் இடுப்புல இருக்கு, மேல் உடம்பு பாரம், குழந்தை எதையோ எடுக்க எட்டுனா தலை முன்னாடி போகும், இடுப்பு வளையத்துல மாட்டி கால் மேல நிக்கும், திரும்பி நிமிர அதால முடியாது. கால் நுழைக்க ரெண்டு ஓட்டை வெச்ச உக்கார்ற மாதிரி டியூப் இன்னும் மோசம், கவுந்தா உருவிட்டு வரவும் வராது. கொஞ்சம் பெரிய டியூப்னா நடுவுல வழுக்கி கீழ போயிரும்.

ஊர்ல லாரி டியூப் போட்டு விடறதும் இதே கதைதான், ஆனா லாரி டியூப்புக்கு ஒரு நல்ல உபயோகம் இருக்கு. உள்ள போடாம வெளிய இருந்து ரெண்டு கையாலயும் மேல அணைச்சுப் புடிக்க விட்டு கால் மட்டும் உதைக்க வெக்கலாம், பெரிய பசங்களுக்கு, ஏழு எட்டு வயசுக்கு மேல. வால்வு நீட்டிட்டு இருக்கும் பாருங்க, அது வயித்தைக் கிழிச்சுரும், பழைய துணியை சுத்திக் கட்டிருங்க.

முதுகுல கேன் கட்டுனா குப்புறத் தள்ளுது, இல்ல கேன் நகருது

கிணத்துல பழகற பசங்களுக்கு இன்னைக்கும் இதுதான். எங்க காலத்துல சுரைப்புருடை, காஞ்ச கல்யாண முருங்கைக் கட்டை, வாழைத்தண்டு, இப்ப எண்ணெ கேன், குளத்துல பேக் ஃப்ளோட்னு ஃபோம் பெட்டி, எல்லாம் ஒரே வேலைதான். கைப்பட்டையை விட இது எனக்கு எப்பவும் பிடிக்கும், ஏன்னா கை கால் நாலும் விடுதலை, உடம்பும் படுத்துரும். ஆனா கட்டற இடம் ரெண்டு விரக்கடை மாறுனாலும் எல்லாம் மாறும்.

இடுப்புல, குறுக்குக்கு கீழ கட்டுனா பிட்டி மேல போகும், தலை உள்ள போகும், அதுதான் நீங்க சொல்ற குப்புறத் தள்ளறது. ரொம்ப மேல, கழுத்து கிட்ட கட்டுனா கால் தொங்கும், கயிறு நகந்து கழுத்துக்கு வரும், அது ரொம்ப ஆபத்து. சரியான இடம் தோள்பட்டை எலும்பு முடியற இடத்துக்கும் இடுப்புக்கும் நடுவுல. கட்டிட்டு முழங்கால் தண்ணியில குப்புறப் படுக்க வெச்சுப் பாருங்க, முதுகு தண்ணி மட்டத்துல நின்னா சரி, பிட்டி தலையை விட மேல தெரிஞ்சா ரெண்டு விரல் மேல ஏத்துங்க, கால் தொங்குனா ரெண்டு விரல் கீழ எறக்குங்க.

ஒரு பக்கமா சாயுதுன்னா ஒத்தைக் கேன் உருளுது. ஒரு பெரிய கேனுக்கு பதிலா ரெண்டு சின்ன கேனை ஜோடியா கட்டி தண்டுவடத்துக்கு ரெண்டு பக்கமும் வெச்சா உருளாது, அந்தக் காலத்துல ரெண்டு புருடை சேத்து கட்டுனதும் இதுக்குத்தான். நைலான் கயிறு தோலை அறுக்கும், நனைஞ்சா முடிச்சும் வழுக்கும், பழைய வேட்டித் துணியை அகலமா மடிச்சு கட்டுங்க, முடிச்சு முதுகுப் பக்கம் இருக்கட்டும், குழந்தை கைக்கு எட்டக்கூடாது. கேன் மூடிக்குள்ள வாஷர் இருக்கான்னு பாருங்க, வாஷர் போன மூடியில அரை மணி நேரத்துல தண்ணி ஏறிரும், உங்களுக்கே தெரியாம மிதவை குறைஞ்சுட்டே போகும். ஒவ்வொரு தடவை எறங்கறதுக்கு முன்னாடியும் கேனை ஆட்டிப் பாத்து சத்தம் கேளுங்க. புருடைன்னா விரல்ல தட்டிப் பாருங்க, விரிசல் விட்டிருந்தா சத்தம் மாறும்.

ஒன்னு கண்டிப்பா மனசுல வெச்சுக்கணும், முதுகுல இருக்கற மிதவை குழந்தையை குப்புறத்தான் வெச்சிருக்கும். நீச்சல் பழக அது நல்லது, ஆனா குழந்தை களைச்சு போயிட்டாலோ மயங்கிட்டாலோ மூஞ்சி தண்ணிக்குள்ளதான் இருக்கும், மல்லாக்கத் திருப்பாது. அதனால கேன் கட்டி விட்டுட்டு மேல கிணத்து மேட்டுல உக்காந்து பாக்கறது கூடவே கூடாது.

மேல இருந்து சேலையோ கயிறோ கட்டிப் புடிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. இடுப்புல கட்டி மேல இழுத்தா உடம்பு ரெண்டா மடங்கி தலைதான் உள்ள போகும். அக்குளுக்கு கீழ நெஞ்சைச் சுத்தி அகலமான துணியா கட்டுங்க, தளர்வா புடிங்க, தண்ணிக்குள்ள எப்படியும் இன்னொரு ஆள் இருக்கணும். மோட்டார் ஓடற நேரம் கிணத்துல யாரையும் எறக்காதீங்க, ஸ்விட்சை அணைச்சா மட்டும் பத்தாது, ஃபியூஸையும் புடுங்கிருங்க.

லைஃப் ஜாக்கெட் காது வரைக்கும் ஏறிடுது

பெரிய சைஸ் வாங்கிருக்கீங்க, "அடுத்த வருஷமும் ஆகும்"னு. ஜாக்கெட்டை மாட்டி எல்லா பக்கிளும் போட்டு தோள் பக்கம் ரெண்டு கையாலயும் மேல தூக்குங்க, தாடை உள்ள போனா அது சைஸ் இல்ல. சின்னக் குழந்தைக்கு தொடை நடுவுல வர்ற வார் இருக்கற ஜாக்கெட்தான் வேணும், அந்த வாரை போடாம விட்டாலும் மேல ஏறும். உள்ள ஐஎஸ்ஓ 12402ன்னு தரநிலை எண்ணும், எவ்வளவு தூக்கும்ங்கறதுக்கு 50, 100ன்னு ஒரு எண்ணும் இருக்கும், 50 நீந்தத் தெரிஞ்சு பக்கத்துல ஆள் இருக்கறவங்களுக்கு, மூஞ்சி மேல பாத்த மாதிரி மிதக்க வெக்கற வடிவம் 100லிருந்துதான். பரிசல்ல, போட்ல போறப்ப இது கட்டாயம், நீச்சல் பழகறதுக்கு இதை போடாதீங்க, அதுல கை வீசவே முடியாது.

கிக் போர்டு (கையில புடிச்சுக்கற ஃபோம் பலகை) புடிச்சு உதைக்குது, ஆனா நகர மாட்டேங்குது

காலைப் பாருங்க. முட்டியை மடக்கி மடக்கி உதைச்சா தண்ணி மேல தெறிக்கும், ஆள் அங்கயே நிப்பாங்க, சில பேர் பின்னாடி கூட போவாங்க. பாதத்தை மடக்கி, நடக்கற மாதிரி வெச்சிருந்தா பாதமே பிரேக் போடற மாதிரி ஆயிரும். உதை தொடையிலிருந்து வரணும், முட்டி லேசா தளர்ந்திருக்கணும், கால்ல இருக்கற ஈரச் செருப்பை உதறிக் கழட்டற மாதிரின்னு சொன்னா பசங்களுக்கு டக்குனு புரியும். கரைப் படியில உக்கார வெச்சு காலை மட்டும் தண்ணியில விட்டு அஞ்சு நிமிஷம் உதற விடுங்க, அப்பறம் போர்டைக் குடுங்க.

சில பேர் போர்டு மேல நெஞ்சையே ஏத்தி படுத்துக்குவாங்க, அப்ப போர்டு கீழ அமுங்கி ஒரு பக்கமா பிச்சுக்கிட்டு வெளிய பாயும், மூஞ்சியில அடிக்கும். கையை முழுசா நீட்டி போர்டோட முன் விளிம்பையோ பக்கத்தையோ புடிக்கணும், முழங்கை மட்டும் போர்டு மேல. "கழுத்து வலிக்குது"ன்னு சொன்னா தலையைத் தூக்கிட்டே இருக்காங்கன்னு அர்த்தம், உதைக்கறப்ப மூஞ்சி தண்ணிக்குள்ள, மூச்சுக்கு மட்டும் மேல. ஓரம் பிஞ்ச போர்டு தண்ணி குடிச்சு கனக்கும், மாத்திருங்க.

மூஞ்சியை நனைக்கவே விடல, தண்ணி குடிச்சு இருமுது

மிதவை எப்பவும் தலையை வெளிய வெச்சே பழக்குனதோட விளைவு இது. மூச்சை வெளிய விடறதுன்னா என்னன்னே அதுக்கு தெரியாது. இதுக்கு குளமே வேண்டாம், வீட்டு வாளி போதும், வாயால தண்ணியில குமிழ் விட வெச்சு, அப்பறம் மூக்கால, அப்பறம் மூஞ்சியை முக்கி "ம்ம்ம்"னு பாட வெச்சு, தினமும் குளிக்கறப்ப ரெண்டு நிமிஷம். "ம்ம்" சொல்றப்ப மூக்கு வழியா காத்து வெளிய போகும், தண்ணி உள்ள வராது. கண்ணு எரியுதுன்னா காகிள்ஸ் குடுங்க, பட்டையை இறுக்காம வெறும் ரப்பர் விளிம்பை மட்டும் கண்ணுல வெச்சு அமுக்குனா ஒரு நொடி ஒட்டி நிக்கணும், அதுதான் அளவு. தலையை புடிச்சு அமுக்காதீங்க, தயவுசெஞ்சு. ஒரு தடவை அமுக்குனா அந்த பயம் போக மாசக்கணக்கு ஆகும், நான் பாத்திருக்கேன்.

அக்குள் சிவக்குது, உதடு நடுங்குது

பட்டையோட ஒட்டு விளிம்பு உள்பக்கம் இருந்தா உரசும், மெல்லிசா முழுக்கை நீச்சல் டிரஸ் போட்டு அதுக்கு மேல மாட்டுங்க, வெளிய வந்ததும் நல்ல தண்ணியில கழுவி குளோரினைப் போக்குங்க. நடுக்கம் வந்தா அன்னைக்கு முடிஞ்சது, தண்ணி உடம்பு சூட்டை காத்தை விட பல மடங்கு வேகமா உறிஞ்சிரும், சின்ன உடம்புல சீக்கிரம் தீந்துரும். "இன்னும் அஞ்சு நிமிஷம்"னு கெஞ்சுனாலும் தூக்கிட்டு வந்துருங்க. டிரஸ் வாங்கறப்ப வெளிர் நீலம் வேண்டாம், நீல டைல்ஸ் குளத்துல குழந்தை முங்குனா தெரியவே தெரியாது, பளிச்சுனு ஆரஞ்சு, சிவப்பு எடுங்க.

மிதவையைக் கழட்டுனா அழுகை, தண்ணியை விட்டே ஓடுது

அதை நான் பிடிவாதம்னு சொல்ல மாட்டேன். இத்தனை நாள் தூக்குனது பட்டை, அதைக் கழட்டுனா முங்குவோம்னு குழந்தை சரியாத்தான் புரிஞ்சு வெச்சிருக்கு. ஒரே நாள்ல கழட்டாம அதுக்கே தெரியாம குறைக்கணும்.

கைப்பட்டையில காத்தை பாதி ஆக்கி குறைக்கலாம்னு நினைப்பீங்க, அதை பண்ணாதீங்க, பாதிக் காத்துல பட்டை தொளதொளன்னு கழண்டு வந்துரும். முதல்ல பட்டையிலிருந்து பேக் ஃப்ளோட்டுக்கோ கேனுக்கோ மாத்துங்க, குறைக்கறது அதுலதான் சுலபம். அடுக்கடுக்கா ஃபோம் வட்டு கோத்த பேக் ஃப்ளோட்னா நாலு வட்டை மூணாக்கி, மூணை ரெண்டாக்கி போங்க. கேன்னா எங்க அப்புச்சி பண்ணுன வேலையை பண்ணுங்க, கேனுக்குள்ள தண்ணி ஊத்துவாரு. இன்னைக்கு அரை லிட்டர், நாலு நாள் கழிச்சு ஒரு லிட்டர், உள்ள ஊத்துன அளவுக்கு மிதவை குறையும். 5 லிட்டர் கேன்ல மூணு லிட்டர் தண்ணி நிறைஞ்ச நாள் வரைக்கும் எனக்கு ஒன்னும் தெரியல, கேன் முதுகுல இருக்குங்கற தைரியத்துல நீந்திட்டே இருந்தேன், அதுக்கப்பறம் ஒரு நாள் மேல ஏறி வந்து கேனை அவுத்தப்ப உள்ள முழுக்க தண்ணி. அந்த நாள் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. உங்க குழந்தைக்கு பண்றப்ப ஒவ்வொரு அளவுலயும் நாலஞ்சு தடவை நல்லா நீந்துனதுக்கு அப்பறம்தான் அடுத்த அளவு, குறைச்ச அன்னைக்கு நீங்க கையை அதோட வயித்துக்கு கீழயே வெச்சிருக்கணும்.

இதுக்கு நடுவுல ஒவ்வொரு நாளும் கடைசி பத்து நிமிஷம் எந்த மிதவையும் இல்லாம இடுப்பளவு தண்ணியில உங்க கையில இருக்கணும். சுவத்தை உதைச்சு ஒரு எட்டு தூரத்துல இருக்கற உங்க கைக்கு வரணும், அப்பறம் ரெண்டு எட்டு. நீங்க பின்னாடி நகந்துட்டே போகாதீங்க, சொன்ன இடத்துல நில்லுங்க, இல்லன்னா அடுத்த தடவை நம்பாது. மல்லாக்க மிதக்கறப்ப காது ரெண்டும் தண்ணிக்குள்ள இருக்கணும், வயித்தை மேல நீட்டச் சொல்லுங்க. எல்லாத்தையும் விட ஒன்னு, குதிச்சு, தண்ணிக்குள்ளயே திரும்பி, வந்த சுவத்தையே புடிக்கறது. குளத்தோட அந்தக் கோடிக்கு போறதை விட இதைத்தான் நான் முதல்ல பாக்கறேன், ஏன்னா தவறி விழுற குழந்தைக்கு தேவைப்படறது இதுதான்.

மிதவையே இல்லாம தண்ணியில குதிச்சுருச்சு

என் பொண்ணுக்கு நாலு வயசு அப்ப. ஒரு மணி நேரம் பட்டையோட ஆடிட்டு, சாப்பிட கூப்பிட்டு, பட்டையைக் கழட்டி, துண்டு சுத்தி உக்கார வெச்சேன், டிபன் டப்பாவைத் திறக்க திரும்புனேன், தொப்புன்னு சத்தம். அவளுக்கு தண்ணின்னா தூக்கும், அவ்வளவுதான், தூக்குனது பட்டைன்னு அவளுக்கு நான் காமிச்சதே இல்ல. மூணு எட்டுல இருந்ததால எடுத்துட்டேன், அவ கத்தல, கையைக்கூட ஆட்டல, கண்ணு திறந்தபடி நேரா கீழ போயிட்டு இருந்தா. அதுக்கப்பறம்தான் ஒவ்வொரு தடவையும் பட்டை இல்லாம அவளைப் புடிச்சு கொஞ்சம் எறக்கி "பாரு, பட்டை இல்லன்னா முங்குவ"ன்னு மெதுவா காமிக்க ஆரம்பிச்சேன். பட்டையைக் கழட்டற நேரம்தான் ரொம்ப கவனமா இருக்க வேண்டிய நேரம், கழட்டுனதும் குளத்து கேட்டுக்கு வெளிய கூட்டிட்டு போயிருங்க, சாப்பாடு அங்க வெச்சுக்கலாம். உள்ள போறதுக்கு முன்னாடி "போலாமா?"ன்னு கேட்டு நீங்க தலையாட்டுனா மட்டும் எறங்கறதுன்னு ஒரு வழக்கம் வையுங்க.

கைக்குழந்தைக்கு கழுத்துல மாட்டற ரிங்

வேண்டாம். 2022ல அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ இதைப் பத்தி தனியா எச்சரிக்கையே குடுத்திருக்கு. கழுத்து இறுகலாம், காத்து போனா வழுக்கி உள்ள போயிரும், ஒரு வயசுக்குள்ள எந்த மிதவையும் நீச்சல் கத்துக்குடுக்காது. உங்க கையில தூக்கிட்டு தண்ணியில ஆடுங்க, போதும்.

கடல், ஆறுக்கு எடுத்துட்டு போலாமான்னு கேக்கறவங்களுக்கு

காத்து ஊதுன எதையும் எடுத்துட்டு போகாதீங்க. மெரினாவுலயோ பவானி ஆத்துலயோ காத்தும் இழுப்பும் டியூபை நீங்க நீந்தற வேகத்தை விட சீக்கிரம் இழுத்துட்டு போயிரும். அங்க அளவான லைஃப் ஜாக்கெட், முட்டி அளவு தண்ணி, கையை விடாம.

குழந்தை சத்தமில்லாம இருக்கு, தலை பின்னாடி சாஞ்சிருக்கு, இல்ல தண்ணியைப் பாத்து குப்புற இருக்கு

மூழ்கற குழந்தை "அம்மா"ன்னு கத்தாது, வாய் தண்ணி மட்டத்துல இருக்கும், மூச்சு விடறதுக்கே நேரம் பத்தாது. ஆடிட்டிருந்த குழந்தை அமைதியாயிட்டா உடனே தொட்டுக் கூப்பிடுங்க, பதில் வரலன்னா தூக்குங்க.

வெளிய எடுத்ததும் மூச்சு இல்லன்னா தலைகீழா புடிச்சு சுத்தறது, வயித்தை அமுக்கி தண்ணி எடுக்கறது ரெண்டும் செய்யாதீங்க, நேரம் போயிரும், வயித்துல இருக்கறது மேல வந்து மூச்சுக் குழாய்ல போகும். கெட்டியான தரையில மல்லாக்கப் படுக்க வெச்சு, நெத்தியை லேசா பின்னாடி சாய்ச்சு தாடையைத் தூக்கி, மூக்கைப் புடிச்சு வாயோட வாய் வெச்சு நெஞ்சு எழும்பற அளவுக்கு ரெண்டு மூச்சு குடுங்க. அப்பறம் நெஞ்சு நடு எலும்புல நெஞ்சோட கனத்துல மூணுல ஒரு பங்கு எறங்கற மாதிரி 30 தடவை வேகமா அமுக்கி, திரும்ப ரெண்டு மூச்சு, விடாம. இன்னொருத்தரை 108க்கு போன் பண்ணச் சொல்லுங்க, தனியா இருந்தா போனை ஸ்பீக்கர்ல போட்டு பக்கத்துல வெச்சுட்டு அமுக்கிட்டே பேசுங்க. மூச்சு வந்துட்டாலும் ஆஸ்பத்திரிக்கு போயே ஆகணும். தண்ணி குடிச்சு நல்லா இருமிட்டு சரியான குழந்தையையும் அன்னைக்கு ராத்திரி வரைக்கும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, மூச்சு வாங்குனாலோ, இருமல் நிக்காம வந்தாலோ, வழக்கத்துக்கு மாறா தூங்கி வழிஞ்சாலோ விடியட்டும்னு காத்திருக்காம அப்பவே கூட்டிட்டு போயிருங்க.